தைராய்டு மாறினால் சுகர் ஏன் மாறுகிறது?

மாத்திரை மாறவில்லை. சாப்பாடு மாறவில்லை. காலை நடையும் நிற்கவில்லை. ஆனாலும் சில மாதம் முன்பு வரை 120-ஐ ஒட்டி நின்ற வெறும் வயிற்றுச் சர்க்கரை 170, 180 என்று ஏறிக்கொண்டே போகிறது. வேறு சிலருக்கு இதற்கு நேர்மாறு: வருடக்கணக்கில் போட்டுவரும் அதே இன்சுலின் அளவுக்கு இப்போது முற்பகலிலேயே கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, மீட்டரில் 60 காட்டுகிறது. இப்படிக் காரணம் பிடிபடாமல் சுகர் தடம் மாறும்போது, சர்க்கரை மருந்தின் டோஸில் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். தைராய்டின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனையான டிஎஸ்எச்சைக் கடைசியாக எப்போது பார்த்தது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின், 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடந்து 2013-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஹைப்போ தைராய்டு, அதாவது தைராய்டு ஹார்மோன் குறைவு, இருந்தவர்கள் ஏறத்தாழ 11 சதவீதம். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே அந்தச் சோதனையில்தான் தெரியவந்தது. ஆகவே ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பது சகஜம். ஒன்றுக்கு மட்டும் மருத்துவம் பார்த்துக்கொண்டு மற்றது தெரியாமலே இருப்பதும் சகஜம்.

தைராய்டு என்ன வேலை செய்கிறது

சாப்பிட்டதை உடைத்து ஆற்றலாக்குவது, மிஞ்சியதைச் சேமிப்பது, தேவைப்பட்டால் சேமிப்பிலிருந்து எடுப்பது, தேய்ந்த திசுக்களைப் புதுப்பிப்பது எல்லாம் சேர்ந்ததுதான் வளர்சிதை மாற்றம். அசையாமல் படுத்திருந்தாலும் இதயமும் மூளையும் கல்லீரலும் இயங்க ஓரளவு ஆற்றல் செலவாகும். அதுதான் அடிப்படை வளர்சிதை வீதம். 1895-ல் ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் மாக்னஸ்-லெவி, தைராய்டுச் சாறு கொடுத்தால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜன் கூடுவதை அளந்து காட்டினார். தைராய்டு ஹார்மோன் கடுமையாக மிகுந்தால் இந்த வீதம் 60 முதல் 100 சதவீதம் வரை கூடலாம். ஹார்மோன் அறவே இல்லாவிட்டால் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடலாம்.

குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கும் சுமார் 20 கிராம் எடையுள்ள சுரப்பி இது. இது அதிகம் சுரப்பது டி4. அதில் நான்கு அயோடின் அணுக்கள். கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் அதிலிருந்து ஓர் அயோடின் கழன்று டி3 ஆகும்போதுதான் முழு வீச்சில் வேலை நடக்கிறது. டி3 செல்லின் கருவுக்குள் போய், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றுகிறது. அதனால்தான் தைராய்டின் விளைவுகள் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் மெல்லத் தெரிகின்றன. ரத்தத்தில் டி4 அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். தைராய்டு டோஸை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். அதற்கு முன் பார்த்த டிஎஸ்எச்சை வைத்து டோஸை மாற்றினால் தேவைக்கு மேலே ஏற்றிவிடவே வாய்ப்பு அதிகம்.

டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. ஹார்மோன் குறைந்தால் உத்தரவு உரக்க வரும், அதாவது டிஎஸ்எச் ஏறும். ஹார்மோன் மிகுந்தால் டிஎஸ்எச் இறங்கும். பெரும்பாலான லேப்களில் பெரியவர்களுக்கு 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இயல்பு என்று போடுவார்கள். ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் டி4, லேசாக நகர்ந்தாலே டிஎஸ்எச் பல மடங்கு நகரும். ஆகையால் ஆரம்பக் கோளாறை முதலில் காட்டிக்கொடுப்பது டிஎஸ்எச்தான்.

சர்க்கரையைத் தொடும் இடங்கள்

ரத்தச் சர்க்கரை என்பது வரவு செலவு சேர்ந்த கணக்கு. குடல் வழியாகவும் கல்லீரல் வழியாகவும் வரவு. தசை வழியாகச் செலவு. செலவைத் திறந்துவிடுவது இன்சுலின். தைராய்டு ஹார்மோன் இந்த எல்லா இடங்களிலும் தலையிடுகிறது.

ஹார்மோன் மிகுந்தால், அதாவது ஹைப்பர் தைராய்டில், இரைப்பை சீக்கிரம் காலியாகிறது, குடல் குளுக்கோஸை வேகமாக உறிஞ்சுகிறது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்திலேயே சர்க்கரை திடீரென்று மேலே போகும். கல்லீரல் தன் கிளைகோஜன் சேமிப்பைக் கரைத்தும், புரதத்திலிருந்தும் கொழுப்பின் துணைப்பொருளான கிளிசராலிலிருந்தும் புதிதாகத் தயாரித்தும் குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டுகிறது. கொழுப்புத் திசு கரைந்து வரும் கொழுப்பு அமிலங்கள் இன்சுலினின் பேச்சைத் தசையும் கல்லீரலும் கேட்காதபடி செய்கின்றன. போதாததற்கு இன்சுலினே உடலிலிருந்து வழக்கத்தைவிட வேகமாக அழிந்துவிடுகிறது. தசை கூடுதல் குளுக்கோஸை எரிக்கத்தான் செய்கிறது, ஆனால் வரவின் வேகத்துக்கு அது ஈடுகொடுப்பதில்லை. கணையம் நன்றாக இருப்பவர் இன்சுலினைக் கூட்டிச் சுரந்து சமாளித்துவிடுவார். ஏற்கெனவே சுகர் உள்ளவரால் அது முடியாது.

ஹைப்போவில் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. குடல் மெதுவாக உறிஞ்சுகிறது, கல்லீரல் குறைவாகக் குளுக்கோஸ் விடுகிறது, இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்குகிறது. மூன்றுமே சர்க்கரையை இறக்கும் வேலைகள். அதே சமயம் தசைக்குள் குளுக்கோஸ் நுழைவது குறைகிறது, அதாவது இன்சுலின் எதிர்ப்பு கூடுகிறது. இது சர்க்கரையை ஏற்றும் வேலை. எது மேலோங்கும் என்பது ஆளைப் பொறுத்தது. மாத்திரை மட்டும் சாப்பிடும், எடை கூடிய டைப் 2 நோயாளிக்கு இன்சுலின் எதிர்ப்புதான் பெரிதாகத் தெரியும். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு லோ சுகர்தான் முதல் ஆபத்து.

ஹைப்பர்: சுகர் ஏறும், எடை இறங்கும்

சுகர் கட்டுக்கடங்காமல் போனாலே எடை குறையும் என்பதால் இங்கே ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். எடை இறங்குகிறது, சுகர் 250, ‘சுகர்தான் உருக்குகிறது’ என்று முடிவுகட்டி இன்சுலினைக் கூட்டிவிடுகிறார்கள். கூட்டிய பிறகும் எடை இறங்கிக்கொண்டே இருந்தால், உட்கார்ந்திருக்கும்போதும் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால், மார்கழிக் குளிரிலும் வியர்த்தால், விரல்களை விரித்து நீட்டும்போது நுனி மெல்ல நடுங்கினால், பசி அதிகமாக இருந்தும் உடல் இளைத்தால், தைராய்டைப் பார்த்தே தீர வேண்டும். வயதானவர்களுக்கு இவ்வளவு அறிகுறிகள் தெரியாமலும் போகலாம். எடைக் குறைவும், சீரில்லாத இதயத் துடிப்பும் மட்டுமே இருக்கும்.

டைப் 1 நோயாளிக்குக் கவனிக்கப்படாத ஹைப்பர் தைராய்டு கீட்டோஅசிடோசிஸ் வரை, அதாவது கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் பெருகும் ஆபத்தான நிலை வரை, கொண்டுபோய்விடும். கொழுப்பு வேகமாகக் கரைவதும் இன்சுலின் வேகமாகத் தீர்வதும் ஒன்றுசேர்ந்தால் கீட்டோன் உற்பத்தி எகிறும்.

சிகிச்சை தொடங்கிய பின்புதான் இரண்டாவது ஆபத்து. கார்பிமசோல் மாத்திரை புதிய ஹார்மோன் தயாராவதைத்தான் தடுக்கும்; சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்திருப்பது தீர நாள் ஆகும். பொதுவாக நாலு முதல் எட்டு வாரத்தில் ஹார்மோன் அளவு இயல்புக்கு வரும். ஹைப்பர் இருந்தபோது கூட்டிய இன்சுலின், மாத்திரை டோஸ் எல்லாம் அப்போது அதிகப்படியாகிவிடும். அந்த வாரங்களில் மீட்டர் சோதனையைக் கூட்டி, டோஸைப் படிப்படியாக இறக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் முதல் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

படபடப்புக்குக் கொடுக்கும் ப்ரொப்ரனலால் பற்றியும் சொல்லியாக வேண்டும். லோ சுகர் வரும்போது உடல் எழுப்பும் எச்சரிக்கைகளான நடுக்கத்தையும் படபடப்பையும் அது அமுக்கிவிடும். வியர்வையை அமுக்காது. ஆகவே ப்ரொப்ரனலால் சாப்பிடும் சுகர் நோயாளிக்குக் காரணமில்லாமல் வியர்த்தால், மீட்டரை எடுப்பதுதான் முதல் வேலை.

ஹைப்பரை உண்டாக்கும் கிரேவ்ஸ் நோய் கண் பிதுங்கும் வகையாக இருந்தால் பியோக்ளிட்டசோன் என்ற சுகர் மாத்திரையைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், அது கண்குழிக் கொழுப்பைக் கூட்டக்கூடும் என்பதால். அந்தக் கண் நோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சுகர் தாறுமாறாக ஏறும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஹைப்போ: லோ சுகரும் மெதுவான உடலும்

சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பு வேகமாக வேலை செய்யும் இன்சுலின் போடும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைந்தால் இரைப்பை காலியாவது தாமதப்படும். இன்சுலின் தன் நேரத்துக்கு வந்துவிட்டது, இட்லியில் இருந்த குளுக்கோஸ் இன்னும் ரத்தத்துக்கு வரவில்லை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் லோ சுகர். அதற்குச் சர்க்கரை சாப்பிட்டதும், தாமதமாக வந்த உணவும் சேர்ந்து மூன்று மணி நேரம் கழித்து ஹை சுகர். டைரியில் இப்படி மேலும் கீழுமாகத் தெரிவதைப் பார்த்து ‘சாப்பாட்டில் ஒழுங்கில்லை’ என்று நோயாளியைக் குறை சொல்வது அநியாயம்.

லோ சுகரிலிருந்து மீள்வதும் மெதுவாகும். கல்லீரல் சட்டென்று குளுக்கோஸ் விட்டுக் காப்பாற்றுவது இங்கே மந்தப்படுகிறது. வழக்கமான முறைதான்: மீட்டரில் 70-க்குக் கீழ் என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில் கரைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி மீட்டர், இன்னும் 70-க்குக் கீழ் என்றால் மறுபடி அதே அளவு. ஹைப்போ உள்ளவர் அந்த இரண்டாவது சோதனையை ஒருபோதும் விட்டுவிடக்கூடாது.

தைராய்டு குறைந்தால் சிறுநீரகம் வடிகட்டும் வேகமும் குறையும், கிரியேட்டினின் லேசாக ஏறும். ‘சுகரால் கிட்னி போகிறது’ என்று கலங்குவதற்கு முன் டிஎஸ்எச் பார்க்க இதுவும் ஒரு காரணம். தைராக்ஸின், அதாவது டி4 மாத்திரை, எடுத்தபின் கிரியேட்டினின் ஓரளவு இறங்குவதுண்டு. எல்டிஎல் கொழுப்பு விஷயமும் அப்படியே. கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் தைராய்டு ஹார்மோனை நம்பியிருப்பவை. ஹார்மோன் குறைந்தால் எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடும். கவனிக்கப்படாத ஹைப்போவில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஆரம்பித்தால் தசை வலியும் தசைச் சேதமும் வரும் வாய்ப்பு அதிகம். சுகர் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஸ்டாட்டின் எழுதப்படுவதால், ஆரம்பிக்கும் முன் ஒரு டிஎஸ்எச் என்பது வீண் செலவல்ல.

தைராக்ஸின் தொடங்கி உடல் சரியாக ஆக, குடலும் கல்லீரலும் வேகம் பிடிக்கும், இன்சுலின் தேவை மெல்லக் கூடலாம். ‘தைராய்டு மாத்திரை சுகரைக் கூட்டிவிட்டது’ என்று அதை நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்த வேண்டாம். உடல் தன் இயல்புக்குத் திரும்புகிறது, சர்க்கரை டோஸை அதற்கேற்பச் சரிசெய்தால் போதும்.

டைப் 1 உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. டைப் 1 வருவதே தன்னுடல் தாக்கத்தால், அதாவது நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உறுப்பையே தாக்குவதால். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியும் அதே தாக்கத்தில் பழுதாகியிருக்கலாம். அடிக்கடி லோ சுகர், எடைக் குறைவு, எழுந்து நின்றால் தலைசுற்றல், தோலும் ஈறும் கறுத்துப்போவது இவையெல்லாம் இருந்தால் தைராக்ஸின் ஆரம்பிக்கும் முன், அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் தைராக்ஸின் கொடுத்தால் அட்ரினல் நெருக்கடி உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

எச்பிஏ1சி எப்போது பொய் சொல்லும்

எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. சிவப்பணு சராசரியாக 120 நாள் வாழும் என்று வைத்துக்கொண்டுதான் அந்த எண்ணை மூன்று மாத சராசரி என்கிறோம். ஹைப்போவில் புதிய சிவப்பணு உற்பத்தி மந்தமாகும். ரத்தத்தில் பழைய அணுக்களே அதிகம் இருக்கும். அவற்றில் ஒட்டிய சர்க்கரையும் அதிகம். உண்மைச் சராசரியைவிட எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும். ஹைப்பரில் அணுக்கள் சீக்கிரம் மாறுவதால் குறைத்துக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை இருந்தாலும் எண் கூடுதலாகத்தான் வரும், ஹைப்போ உள்ள பெண்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பது உண்டு.

இதன் நடைமுறைப் பொருள் இது. மீட்டரில் வெறும் வயிற்றில் 105, சாப்பிட்டபின் 140 என்று தொடர்ந்து வருகிறது, எச்பிஏ1சி மட்டும் 7.4 என்று வந்தால், சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் டிஎஸ்எச்சும் ஹீமோகுளோபினும் பாருங்கள். தைராக்ஸின் ஆரம்பித்துச் சில மாதத்தில் எச்பிஏ1சி கொஞ்சம் இறங்கினால் அதில் ஒரு பகுதி இந்த அணுக்கணக்கு மாறியதால் வந்தது. எச்பிஏ1சிக்குப் பதிலாகச் சிலர், ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஃப்ரக்டோசமின் பார்ப்பார்கள். தைராய்டு நிலையற்று இருக்கும்போது அதுவும் தவறாக வரும், ஏனென்றால் ரத்தப் புரதம் மாறும் வேகமும் தைராய்டைப் பொறுத்தது. அந்த மாதங்களில் நம்பத் தகுந்தது விரல் நுனி மீட்டரோ, கையில் ஒட்டும் சென்சாரோதான்.

வெறும் வயிற்றுக்கு நடக்கும் போட்டி

தைராய்டும் சுகரும் சேர்ந்து இருப்பவர்களின் சிக்கல்களில் பாதி, காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் உருவாகிறது.

தைராக்ஸின் மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் எடுக்க வேண்டும். அப்போதுதான் அதில் 70, 80 சதவீதம் உடலில் சேரும். முழு டோஸ் தேவைப்படுபவருக்கு எடை ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 96, அதாவது 100 மைக்ரோகிராம் மாத்திரை. முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-ல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். இவ்வளவு நுட்பமாக அளந்து கொடுக்கும் மருந்தை ஒரு டம்ளர் ஃபில்டர் காபி கெடுத்துவிடும். மாத்திரை போட்ட கையோடு காபி குடித்தால் உறிஞ்சப்படும் அளவு குறையும், பாலில் உள்ள கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

சுகர் உள்ள பலர் அதே வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயமும் சாப்பிடுகிறார்கள். வெந்தயத்தில் நார்ச்சத்து அதிகம், நார்ச்சத்து தைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும். வெந்தயத்தை மதியத்துக்கோ இரவுக்கோ மாற்றிக்கொள்ளலாம். கேழ்வரகுக் கஞ்சி இன்னொரு உதாரணம்: 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் உண்டு. கஞ்சி நல்லதுதான், மாத்திரைக்குப் பின் ஒரு மணி நேரமாவது கழியட்டும். கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, அமிலத்தை அடக்கும் ஜெலுசில் போன்ற திரவங்கள் இவற்றுக்கு நாலு மணி நேர இடைவெளி. பேன்டோபிரசோல், ஒமேபிரசோல் தினமும் எடுத்தால் வயிற்று அமிலம் குறைந்து தைராக்ஸின் சேர்வதும் குறையலாம். அவற்றைத் தொடங்கியபின் ஒருமுறை டிஎஸ்எச் பார்த்து டோஸைச் சரிசெய்வார்கள்.

இதைவிட ஆபத்தான பழக்கம் ஒன்று உண்டு. காலை மாத்திரை எல்லாவற்றையும் ஆறு மணிக்கே ஒரே வாயில் போட்டுவிடுவது. தைராக்ஸினோடு கிளிமிபிரைடும் உள்ளே போய்விடும். தைராக்ஸினுக்காகச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, சமையல் முடிந்து ஒன்பது மணிக்குச் சாப்பிட உட்காரும்போது சுகர் 60-க்கு வந்திருக்கும். கிளிமிபிரைடு காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, தட்டு தயாராக இருக்கும்போது. மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன். ஆக ஒரு நாளின் வரிசை இப்படி இருக்கலாம்: ஐந்தரைக்குத் தைராக்ஸின், தண்ணீர், ஆறரைக்குக் காபி, எட்டு மணிக்குக் கிளிமிபிரைடு, உடனே சாப்பாடு, முடித்ததும் மெட்ஃபார்மின், கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. காலையில் இது சாத்தியமே இல்லை என்பவர்கள் தைராக்ஸினை இரவு படுக்கப்போகும்போது எடுக்கலாம், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குத் தூங்கும் வீட்டில் இது ஒத்துவராது.

சுகருக்குச் செமாக்ளூட்டைட் மாத்திரை எடுப்பவர்களுக்குப் போட்டி இன்னும் கடுமை. அதையும் வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேற்படாத தண்ணீரில், வேறு மருந்து எதுவும் சேராமல் எடுத்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், சேர்த்து எடுத்த சோதனையில் உடலில் தைராக்ஸின் அளவு 33 சதவீதம் கூடியது. அதைத் தொடங்கினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகை மருந்துகள் மெடுலரி தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்குக் கூடாது. சாதாரண ஹைப்போ உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

மெட்ஃபார்மின் தைராக்ஸினைத் தடுப்பதில்லை. ஆனால் ஹைப்போ உள்ள சிலருக்கு அது ஃப்ரீ டி4-ஐ மாற்றாமல் டிஎஸ்எச்சை மட்டும் கொஞ்சம் இறக்கிக் காட்டும். மெட்ஃபார்மின் புதிதாகத் தொடங்கியபின் டிஎஸ்எச் குறைந்திருந்தால், தைராக்ஸினைக் குறைக்கும் முன் ஃப்ரீ டி4-ஐயும் பார்ப்பது முறை.

ரத்தம் கொடுக்கும் நாளில் தைராக்ஸினை ஊசி குத்தி ரத்தம் எடுத்தபின் போட்டுக்கொள்ளுங்கள். முன்பே போட்டால் அடுத்த சில மணி நேரம் ஃப்ரீ டி4 உயர்ந்து காட்டும். சர்க்கரை மாத்திரை, சாப்பிடும்போதுதான். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல லேப் முறைகளில் பயோட்டின் டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டும். ஹைப்போவால் முடி கொட்டி, அதற்குப் பயோட்டின் சாப்பிட்டு, அந்தப் பயோட்டினால் ரிப்போர்ட் ஹைப்பர் என்று வந்து, மருந்தே தலைகீழாகிவிட வாய்ப்பிருக்கிறது.

எடை பற்றி நேராக

ஹைப்போவால் கூடும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். 20 கிலோ கூடுதலுக்குத் தைராய்டு மட்டும் காரணமாக இருப்பது அரிது. டிஎஸ்எச் இயல்பாக உள்ளவர் எடை குறைக்கத் தைராக்ஸின் சாப்பிட்டால் தசையும் எலும்பும் கரையும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், சுகரும் ஏறும். தைராய்டு ஹார்மோனின் கொழுப்பெரிக்கும் வேலையைக் கல்லீரலுக்குள் மட்டும் தூண்டும் ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்தை 2024 மார்ச்சில் அமெரிக்க எஃப்டிஏ கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கு அனுமதித்தது. தைராக்ஸினை அள்ளிச் சாப்பிடுவதும் அதுவும் ஒன்றல்ல.

உணவில் தைராய்டுக்கென்று பெரிய விலக்கு எதுவும் தேவையில்லை. முட்டைகோஸ், காலிஃபிளவரை வேகவைத்து, அயோடின் உப்போடு அளவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. கம்பை மட்டுமே மூன்று வேளையும் உண்பதைவிட தானியங்களை மாற்றி மாற்றி உண்பது தைராய்டுக்கும் சுகருக்கும் நல்லது.

யாருக்கு, எப்போது சோதனை

டைப் 1 என்று தெரிந்ததும், சர்க்கரை ஓரளவு நிலைக்கு வந்தபின் டிஎஸ்எச், கூடவே தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டும் ஆன்டி டிபிஓ சோதனை. பிறகு ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டைப் 1-ம் தைராய்டுக் கோளாறும் ஒரே தன்னுடல் தாக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவை. டைப் 2-ல் எல்லோருக்கும் வருடாவருடம் கட்டாயமில்லை. காரணமில்லாமல் சுகர் மாறினால், எல்டிஎல் அடங்காவிட்டால், அயர்ச்சி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, கழுத்து வீக்கம் இருந்தால், குடும்பத்தில் தைராய்டு இருந்தால் பார்க்க வேண்டும்.

சர்க்கரை 400-க்கு மேல் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எடுத்த தைராய்டு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கடும் நோயில் டி3-ம் டிஎஸ்எச்சும் தற்காலிகமாகக் குறையும். உடல் தேறி ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதேபோல் டிஎஸ்எச் 6, 7 என்று லேசாக ஏறி ஃப்ரீ டி4 இயல்பாக இருந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தபின்தான் மருந்தை யோசிப்பார்கள். 10-க்கு மேல் என்றால் பொதுவாகச் சிகிச்சை உண்டு. 70, 80 வயதைக் கடந்தவர்களுக்கு 6 என்பதே இயல்பாக இருக்கக்கூடும்.

கர்ப்பத்தில் இந்தக் கணக்குகள் எல்லாம் மாறும். ஏற்கெனவே தைராக்ஸின் எடுப்பவருக்குக் கர்ப்பம் உறுதியானவுடன் டோஸ் 25, 30 சதவீதம் கூட வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது என்று சொல்லித் தொடங்குவது வழக்கம், பிறகு நாலு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச். டைப் 1 உள்ள பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் தைராய்டு அழற்சி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. பேறுகால அசதி என்று தள்ளிவிடாமல் மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் டிஎஸ்எச் பார்க்க வேண்டும்.

தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலைகள் சில. கார்பிமசோல் சாப்பிடும்போது தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால், மாத்திரையை நிறுத்தி அன்றே வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஹைப்பர் உள்ளவருக்குக் கடும் காய்ச்சல், மிக வேகமான துடிப்பு, மனக்குழப்பம் வந்தாலும், சுகர் நோயாளிக்கு வாந்தியும் மூச்சிரைப்பும் வயிற்று வலியும் சேர்ந்து வந்தாலும் காத்திருக்கக்கூடாது. ஹைப்போ மருந்தை மாதக்கணக்கில் விட்டுவிட்ட முதியவர் உடல் சில்லிட்டு, எழுப்பினால் எழாத தூக்கத்தில் கிடந்தால் மீட்டரில் சுகரைப் பார்த்துவிட்டு உடனே 108-க்கு அழையுங்கள். சுகர் 70-க்குக் கீழ் இருந்தாலும் மயக்கத்தில் உள்ளவருக்கு வாய்வழியாக எதையும் ஊற்ற வேண்டாம்.